பேக்கார்டு வீழ்ந்தது எப்படி: பெயர் எடுத்த தொழில்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பேக்கார்டு ஏன் காணாமல் போனது என்பதற்குப் பலரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். பணக்காரர்களுக்குக் கார் செய்துகொண்டிருந்தவர்கள் ஆசைப்பட்டு மலிவு கார் விற்கப் போனார்கள், பெயர் கெட்டது, கடையை மூடினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடங்களைப் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு இடிக்கும். மலிவு கார் வந்தது 1935-இல். டெட்ராய்ட்டில் கார் உற்பத்தி நின்றது 1956-இல். நடுவில் 21 வருடங்கள், அதில் லாபம் பார்த்த வருடங்களும் நிறைய. அப்படியானால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தேடிப் பார்த்தால்தான் இன்று தொழில் நடத்துபவருக்கு ஏதாவது பயன்.

முதலில் அவர்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தார்கள் என்று பார்த்துவிடுவோம். ஒஹாயோ மாநிலத்தின் வாரன் நகரில் மின்சாதனத் தொழில் செய்துவந்த ஜேம்ஸ் வார்டு பேக்கார்டு, 1898-இல் ஒரு வின்டன் கார் வாங்கினார். அது அடிக்கடி மக்கர் செய்தது. போய்க் குறை சொன்னபோது, "அவ்வளவு தெரிந்தவர் என்றால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்களேன்" என்கிற மாதிரி அந்தக் கார் நிறுவனத்தின் முதலாளி வின்டன் பதில் சொன்னாராம். அடுத்த ஆண்டே, 1899 நவம்பரில், அண்ணன் வில்லியமும் இவரும் சேர்ந்து முதல் பேக்கார்டை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். டெட்ராய்ட் பணக்காரர் ஹென்றி ஜாய் முதலீடு செய்தார். 1903-இல் தொழிற்சாலை டெட்ராய்ட்டுக்கு வந்தது. கிழக்கு கிராண்ட் புலவார்டில் ஆல்பர்ட் கான் வடிவமைத்த அந்த ஆலையின் கான்கிரீட் கட்டடங்களைப் பார்த்துத்தான் மற்ற ஆலைகளும் அந்த வழிக்கு வந்தன.

"வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்" என்பதுதான் அவர்களின் விளம்பர வாசகம். வேறு பெருமை எதுவும் பேசவில்லை, பேசத் தேவையும் இருக்கவில்லை. 1915-இல் 12 சிலிண்டர் 'ட்வின் சிக்ஸ்' வந்தது. 1921-இல் அதிபர் ஹார்டிங் பதவியேற்புக்குக் காரில் போனார். குதிரை வண்டியை விட்டுவிட்டுக் காரில் போன முதல் அதிபர் அவர்தான், போனது பேக்கார்டில். 1920-களில் உயர்ரகக் கார் என்றால் அமெரிக்காவில் பேக்கார்டுதான் முதலிடம். கேடிலாக் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

காப்பாற்றியதைக் கொன்றது என்று நினைப்பது

1929-இல் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. உயர்ரகக் கார் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பியர்லெஸ் 1931-இல் கார் செய்வதை நிறுத்தியது. மார்மன் 1933-இல் போனது. டூஸன்பெர்க் 1937, பியர்ஸ்-ஆரோ 1938. டூஸன்பெர்க்கும் பியர்ஸ்-ஆரோவும் மலிவு கார் விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் இல்லை. கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டே மூடினார்கள். கேடிலாக் தப்பியது ஜெனரல் மோட்டார்ஸின் பணப்பையால். அதன் மலிவு ரகமான செவ்ரோலெ விற்ற காசில் கேடிலாக்கைத் தாங்க முடிந்தது.

பேக்கார்டுக்கு அப்படித் தாங்க யாரும் இல்லை. 1934-இல் விற்பனை பத்தாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தலைவர் ஆல்வன் மக்காலி, ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் கிறிஸ்டோபர் போன்ற பெருமளவு உற்பத்தி தெரிந்த ஆட்களைக் கூட்டிவந்தார். 1935 ஜனவரியில் '120' வந்தது. விலை ஆயிரம் டாலரை ஒட்டி. மட்டமான கார் இல்லை அது. 8 சிலிண்டர் எஞ்சின், ஹைட்ராலிக் பிரேக், முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அதற்கும் குறைந்த விலையில் 6 சிலிண்டர் கார் 1937 மாடலாக வந்தது. அந்த வருடம் உற்பத்தி ஒரு லட்சத்தைத் தாண்டியது. 120 இல்லாவிட்டால் பேக்கார்டும் பியர்ஸ்-ஆரோவோடு சேர்ந்தே போயிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆக, கஷ்ட காலத்தில் கீழே இறங்கியதைத் தவறு என்று சொல்ல முடியாது. இறங்கியபோது பெயரையும் கூடவே இறக்கியதுதான் சிக்கல். ஜெனரல் மோட்டார்ஸ் இதை வேறு மாதிரி கையாண்டது. கேடிலாக்குக்குக் கீழே விற்ற காருக்கு 'லாசால்' என்று தனிப் பெயர். விற்கும் கடை ஒன்றுதான், ஆனால் முன்னால் இருக்கும் பெயர்ப்பலகை வேறு. 1940-இல் தேவை முடிந்ததும் லாசாலை நிறுத்திவிட்டார்கள், கேடிலாக்கின் பெயரில் ஒரு கீறல் இல்லை. பேக்கார்டிலோ ஆயிரம் டாலர் காருக்கும் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள காருக்கும் ஒரே பெயர், தூரத்தில் பார்த்தால் ஒரே முகம்.

நல்ல காலம் வந்த பிறகும் கீழேயே நின்றது

என்னைக் கேட்டால் பெரிய தவறு 1935-இல் நடக்கவில்லை, 1946-இல் நடந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பேக்கார்டு, ரோல்ஸ்ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை உரிமம் பெற்றுச் செய்தது. ஹென்றி ஃபோர்டு முடியாது என்று கைவிட்ட ஆர்டர் அது. 55,000 எஞ்சின்கள் வரை செய்து கொடுத்தார்கள். மஸ்டாங் போர் விமானத்தைப் புகழ்பெற வைத்தது இந்த எஞ்சின்தான். போர் முடிந்தபோது கையில் காசு இருந்தது, கடன் இல்லை, தொழில்நுட்பத்தில் பெரிய பெயர். வெளியே நாலு வருடமாகப் புதுக் காரே பார்க்காத மக்கள். எந்தக் காரை எந்த விலைக்கு வைத்தாலும் விற்ற காலம். கிடைக்காதது இரும்புத் தகடுதான்.

தகடு தட்டுப்பாடாக இருக்கும்போது, அதை விலை அதிகமுள்ள காருக்குப் பயன்படுத்துவதுதானே கணக்கு? ஆனால் நிறுவனத் தலைவராக இருந்த கிறிஸ்டோபருக்கு எண்ணிக்கை மேல்தான் கண். சிறிய மாடல்களே வரிசையாக வெளியே வந்தன. டாக்சியாக ஓட்டவும் தனி மாடல் கொடுத்தார்கள். வங்கி முதலாளியின் வாசலில் நிற்க வேண்டிய பெயர் வாடகை ஸ்டாண்டில் நின்றது. சரியாக அந்த நேரத்தில்தான் கேடிலாக் மேலே ஏறியது. 1948-இல் வால் துடுப்பு வைத்த புது வடிவம், 1949-இல் புது வி8 எஞ்சின், அதாவது 8 சிலிண்டர்களும் V வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் எஞ்சின்.

அதே 1948-க்குப் பேக்கார்டு கொடுத்தது என்ன? 1941-இல் வந்த கிளிப்பர் என்ற மாடலின் அழகான பாடியின் மேலேயே தகட்டைச் சேர்த்து உருட்டித் திரட்டிய ஒரு கார். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கர்ப்பிணி யானை'. வேடிக்கை என்னவென்றால் அதுவும் நன்றாகவே விற்றது. ஏனென்றால் அன்றைக்கு எல்லாமே விற்றது. தட்டுப்பாட்டில் வரும் விற்பனையைத் தன் சரக்கின் தரத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நாளைக்கு மற்றவர்களும் சரக்கைக் கொண்டுவந்து கொட்டும்போதுதான் எதற்காக வாங்க வந்தார்கள் என்று தெரியும்.

எஞ்சின் விஷயமும் இதே ரகம். பேக்கார்டின் நேர்வரிசை 8 சிலிண்டர் எஞ்சின், ஓடுகிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. பொறியாளர்களுக்கு அதில் பெருமை, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வாங்க வருபவர் 1950-இல் வி8 இருக்கிறதா என்றுதான் கேட்டார். பேக்கார்டின் வி8 வந்தது 1955 மாடலில். கேடிலாக்குக்கு ஆறு வருடம் பின்னால்! இடைப்பட்ட காலத்தில் 'அல்ட்ராமேட்டிக்' என்ற தானியங்கி கியரைச் சொந்தமாக உருவாக்கினார்கள். சிறிய நிறுவனங்களில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை, மற்றவர்கள் வெளியே வாங்கிப் பொருத்தினார்கள். நல்ல கியர்தான். ஆனால் அதற்குப் போன பணம் எஞ்சினுக்குப் போயிருக்க வேண்டியது.

பாடி கட்டும் வேலையைக் கைமாற்றிவிட்டது

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

1940-களின் தொடக்கத்தில், கிளிப்பர் வந்தபோது, பாடி செய்யும் வேலையைப் பேக்கார்டு வெளியில் கொடுத்தது. பிரிக்ஸ் என்ற பெரிய பாடி நிறுவனம் செய்து அனுப்பும், பேக்கார்டு எஞ்சின், சேஸிஸோடு சேர்க்கும். அப்போதைக்குச் செலவு குறையும் என்ற கணக்கு. நாளடைவில் அந்த வேலை தெரிந்த ஆட்கள், அச்சுகள், இடம் எல்லாமே வீட்டில் இல்லாமல் போயின. 1953 டிசம்பரில் பிரிக்ஸின் பாடி ஆலைகளைக் கிரைஸ்லர் விலைக்கு வாங்கியது. போட்டியாளர் கையில் குடுமி சிக்கியது. '1954 மாடல் வரைக்கும் தருகிறோம், பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் கிரைஸ்லரின் நிலை.

அப்போது பேக்கார்டின் தலைவர் ஜேம்ஸ் நான்ஸ். வீட்டுச் சாதனங்கள் விற்கும் ஹாட்பாயின்ட்டிலிருந்து 1952-இல் வந்தவர், விற்பனையில் கெட்டிக்காரர். அவருக்கு முன் இருந்த ஹ்யூ ஃபெர்ரி, இந்த வேலை தனக்குச் சரிவராது என்று தானே ஆள் தேடிக் கொண்டுவந்தார். தலைமை நாற்காலியில் இருப்பவர் அப்படி நினைப்பது அபூர்வம். நான்ஸ் வந்ததும் மலிவு ரகத்தைக் கிளிப்பர் என்று தனியே பிரிக்கத் தொடங்கினார். சரியான காரியம், ஆனால் 17 வருடம் தாமதம்.

பாடிக்கு என்ன செய்வது? கிராண்ட் புலவார்டில் ஏராளமான இடம் இருந்தும், பல மாடிக் கட்டடம் பழைய முறை என்று ஒதுக்கிவிட்டு, கானர் அவென்யூவில் பிரிக்ஸ் நடத்திவந்த ஒரு மாடி ஆலையைக் கிரைஸ்லரிடமிருந்தே குத்தகைக்கு எடுத்தார்கள். பாடி, இறுதிப் பொருத்தல் எல்லாமே அங்கே. இடம் நெருக்கடி. ஆட்களுக்கு வேலை புதிது, ஆலை புதிது, மாடலும் புதிது. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றக்கூடாது என்று சின்ன வொர்க்‌ஷாப் நடத்துபவருக்குக்கூடத் தெரியும்.

1955 பேக்கார்டு காகிதத்தில் அற்புதம். 'டார்ஷன் லெவல்' என்ற அதன் சஸ்பென்ஷனில் வழக்கமான காயில் ஸ்பிரிங்கும் பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் நீளமான முறுக்குக் கம்பி ஒன்று இணைக்கும். முன் சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த விசை பின்னால் போய்ச் சேரும், அதனால் வண்டி குதிக்காமல் மட்டமாகவே போகும். பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் வண்டி பின்னால் அமுங்கும். ஏழு விநாடி பொறுத்து ஒரு சின்ன மின் மோட்டார் சத்தம் கேட்கும், வண்டி தானாக நிமிர்ந்துகொள்ளும். கேடிலாக்கில் இப்படி எதுவும் கிடையாது.

ஆனால் ஷோரூமுக்கு வந்த வண்டிகளில் கதவு சரியாகப் பொருந்தவில்லை. புது வி8-இல் ஆயில் பம்போடு வாக்குவம் பம்பைச் சேர்த்து வைத்திருந்தார்கள், அது வழியாக ஆயிலில் காற்று கலந்தது. வால்வுகளை இயக்கும் டேப்பட் சத்தம் போட ஆரம்பித்தது. அமைதிக்குப் பேர்போன கார்! 1956 மாடலில் பின் ஆக்ஸில் உடைந்த புகார்களும் சேர்ந்துகொண்டன. வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொன்ன நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. இந்த முறையும் மக்கள் கேட்டார்கள், வைத்திருந்தவர்களும் சொன்னார்கள்.

கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் கைகோத்தது

1953, 54-இல் ஃபோர்டும் செவ்ரோலெவும் போட்டி போட்டுக்கொண்டு டீலர்களிடம் வண்டியைத் தள்ளின. நடுவில் சிக்கியவர்கள் சிறிய நிறுவனங்கள். சேர்ந்தால் பிழைக்கலாம் என்று நாஷ் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசன் நினைத்தார். நாஷும் ஹட்சனும் 1954 மே மாதம் ஒன்றாகி அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. பேக்கார்டு அதே ஆண்டு அக்டோபரில் இந்தியானா மாநிலம் சவுத் பெண்டில் இருந்த ஸ்டூடிபேக்கரை வாங்கியது.

பெண் வீட்டாரைப் பற்றி அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை விசாரிக்காமல் தேதி குறித்த கதைதான். எத்தனை கார் விற்றால் கையைக் கடிக்காது என்று ஸ்டூடிபேக்கர் சொன்ன எண்ணிக்கையை நம்பினார்கள். முடிச்சுப் போட்ட பிறகு பேக்கார்டின் கணக்காளர்கள் உட்கார்ந்து பார்த்தால், நட்டமில்லாமல் இருக்கவே ஆண்டுக்குச் சுமார் 2,80,000 கார் விற்க வேண்டும் என்று வந்தது. அவ்வளவு விற்கும் நிலையில் ஸ்டூடிபேக்கர் இல்லை. பேக்கார்டின் கையிருப்பு முழுக்க சவுத் பெண்டை நிரப்பப் போனது.

1957-க்குப் புது மாடல்கள் வரைபடத்தில் தயார். பணம் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் கடன் தர மறுத்துவிட்டன. 1956 ஜூனில் டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்டு வெளியே வந்தது. நிர்வாகம் விமான எஞ்சின் செய்துவந்த கர்டிஸ்-ரைட் கைக்குப் போனது, நான்ஸ் வெளியேறினார்.

அதற்குப் பிறகும் பேக்கார்டு என்ற பெயரில் கார் வந்தது. 1957-இல் ஸ்டூடிபேக்கர் பிரெசிடென்ட் காரின் மேல் பேக்கார்டு விளக்குகளையும் அலங்காரப் பட்டைகளையும் ஒட்டி, பேக்கார்டு கிளிப்பர் என்று விற்றார்கள். ஜனங்கள் 'பேக்கார்டு-பேக்கர்' என்று கிண்டல் செய்தார்கள். 1958-இல் ஸ்டூடிபேக்கர் ஹாக் காருக்கு ஃபைபர் மூக்கு வைத்து 'பேக்கார்டு ஹாக்' என்று ஒன்று வந்தது, மொத்தமே 588 கார்கள். அந்த ஆண்டோடு பெயரும் நின்றது. நான்ஸ் அதற்குள் ஃபோர்டில் சேர்ந்திருந்தார். அங்கே அவர் பொறுப்பில் வந்து சேர்ந்த கார்களில் ஒன்று, படுதோல்விக்குப் பேர்போன எட்செல்.