விசுவாச நூல்கள்: வாசிப்பதிலும் கொடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, ஒரு கிறிஸ்தவப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனேன். விசுவாசம் பெருகினால் வியாதி விலகும் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் நூல். நான்கு பக்கம் வாசித்துக் காட்டியிருப்பேன். "எய்யா, இத எழுதினவரு என்னைக்காவது படுக்கையில கெடந்திருக்காரா?" என்று கேட்டார்கள். அட்டையை மட்டும் பார்த்து வாங்கியவனுக்கு என்ன தெரியும்?

அதே கேள்வி திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கும் எழுந்திருக்கிறது. 1931இல் குழியில் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். ஆறுதலுக்கென்று வந்த கைப்பிரதிகள் அவர் மனதில் ஒட்டவில்லை. அவை சுகமாயிருப்பவர்கள் எழுதியவை. அதனால் நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகவே ஒரு நூல் எழுதினார். யாருக்குக் கொடுக்கிறோம், எழுதியவர் எதைக் கடந்து வந்தவர் என்று பார்க்காமல் புத்தகம் பரிசளிப்பது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. ஆனாலும் காயப்படுத்தும். பெரியம்மாவுக்கு அன்று நான் கடைசியில் வாசித்தது 88ஆம் சங்கீதம். அது இருளிலேயே முடிகிறது. "இன்னொருக்க வாசி" என்றார்கள்.

அடுத்தது, ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்வது. புது வருஷ ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி இருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." பல நூல்கள் இதை வேலை, வீடு, விசா என்று விரித்து எழுதுகின்றன. வேதாகமத்தைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பே மீட்பு என்கிறது. அது சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிவரும் நாளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களிடம்தான் கர்த்தர் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். இதை அறிந்து வாசிக்கும்போது அந்த வசனம் எனக்கு இன்னும் பெரிதாகிறது. நூலாசிரியர் காட்டும் வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசிக்காமல் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். எத்தனை பிரபலமான ஊழியர் எழுதியிருந்தாலும் அதற்கு விலக்கில்லை.

தினதியான நூலையே வேத வாசிப்பாக்கிவிடுவதும் உண்டு. காலையில் ஒரு பக்கம், ஒரு சின்ன ஜெபம், முடிந்தது. ஆஸ்வால்ட் சேம்பர்ஸ் என்ற பிரசங்கியாரின் புகழ்பெற்ற தினதியான நூல் உருவான விதம் தெரிந்தால் இதன் குறை புரியும். அவர் 1917இல் எகிப்தில் இறந்துபோனார். அவருடைய பேச்சுகளை மனைவி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்தார். அவற்றிலிருந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்து நாளுக்கொன்றாக அடுக்கி, 1927இல் வெளியிட்டவர் அந்த அம்மாதான். ஆக, நம் கையில் இருப்பது நீண்ட போதனை ஒன்றின் துண்டு. சில நாள் புரியாவிட்டால் உங்கள் ஆவிக்குரிய ஜீவியத்தில் குறை என்று வருந்த வேண்டாம். மொழிபெயர்ப்பே கரடுமுரடாக இருக்கவும் கூடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. வளர்ச்சி என்றாலே ஏறுமுகம் என்று எண்ண வைக்கும் நூல்களை மட்டுமே வாசிப்பது. பதவி உயர்வும் வங்கிக் கணக்கும் விசுவாசத்தின் அளவுகோலாகிவிட்டால், விழுந்தவன் சபைக்குள் வரவே கூசுவான். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்தவர். 1678இல் வெளியான அவருடைய மோட்சப் பயணக் கதையில், பயணி புறப்பட்ட உடனே உளையில் விழுகிறான். சிலுவையைக் கண்டு பாரம் நீங்கிய பிறகும், தோழனோடு சந்தேகக் கோட்டையில் அடைபட்டு, புதன் காலை முதல் சனி இரவு வரை பட்டினி கிடக்கிறான். நடுராத்திரியில் ஜெபிக்கத் தொடங்கி, விடியும் நேரத்தில்தான் நினைவு வருகிறது, வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மார்பிலேயே இருக்கிறதென்று. வாக்குத்தத்தம் அங்கே பூட்டைத் திறக்கிறது. திறந்த பிறகும் பாதை நீளமாகத்தான் கிடக்கிறது.

இந்தக் கதையைத் தழுவித்தான் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைத் தந்தார். அதைப் பாடப்புத்தகச் செய்யுளாக மட்டும் விட்டுவிடுவது தமிழ்க் கிறிஸ்தவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன். கடினமான தமிழ்தான். உரையோடு கூடிய பதிப்பாக வாங்கி, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் குமார பருவம் என்ற பகுதியிலிருந்து தொடங்குங்கள். கண்ணால் ஓட்டாமல், குடும்ப ஜெபத்தில் நாளுக்கு இரண்டு பாட்டு வாய்விட்டுப் படிக்கலாம்.