எந்த பிளாட்ஃபார்ம் நிலைக்கும்? கணிப்பதில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

2013-இல் ஃபேஸ்புக்கிலிருந்து டெவலப்பர்கள் கைக்கு இரண்டு பிளாட்ஃபார்ம்கள், அதாவது மென்பொருள் கட்டுவதற்கான அடித்தளங்கள், வந்தன. ஏப்ரலில் அது பார்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கியது. மொபைல் ஆப் எழுதுகிறவர் சர்வர் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம். டேட்டாபேஸ், லாகின், நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் பார்ஸ் பார்த்துக்கொள்ளும். மே மாதம், இணையப் பக்கங்களை அமைக்க உதவும் ரியாக்ட் ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய விதத்தில், வெளிவந்தது. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல்லைக் கலந்து எழுதுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். அந்த வருடம் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் பலரும் பார்ஸ் மேல்தான் கட்டியிருப்பார்கள். 2016 ஜனவரியில் பார்ஸை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, ஓராண்டு அவகாசத்தோடு. ரியாக்ட்டோ இன்றைக்கு வேலைக்கான விளம்பரங்களில் தவறாமல் வருகிற பெயர்.

பின்னால் பெரிய கம்பெனி இருக்கிறது, அதனால் நிலைக்கும் என்று நம்புவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஃபேஸ்புக்கின் சொந்தப் பக்கங்களே ரியாக்ட்டில் ஓடின; அதைக் கைவிட்டால் முதல் அடி அவர்களுக்கே. பார்ஸ் வெளி டெவலப்பர்களுக்கான சேவை. மூடினால் அடி வாங்குவது அந்த வெளி டெவலப்பர்கள்தான். ஆக, யார் உருவாக்கியது என்பதோடு நின்றுவிடாமல், இது செத்தால் உருவாக்கியவருக்கு என்ன நஷ்டம் என்றும் கேளுங்கள்.

அடுத்தது, வெளியீட்டு விழாவின் சத்தத்தைப் பார்த்து ஏமாறுவது. பிரவுசரில் வீடியோவும் ஆப்களும் ஓட்ட மைக்ரோசாஃப்ட் 2007-இல் கொண்டுவந்த சில்வர்லைட்டுக்கு இல்லாத ஆடம்பரமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் வீடியோவை அமெரிக்காவின் என்பிசி அதில்தான் இணையத்தில் காட்டியது. நெட்ஃபிளிக்ஸும் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் சில்வர்லைட் ஒரு பிளக்இன், அதாவது பிரவுசரில் தனியாகச் சேர்க்க வேண்டிய துணை மென்பொருள். ஐபோன் பிரவுசரில் அதற்கு இடமே இல்லை. ஜனம் முழுக்க மொபைலுக்கு நகரும்போது அங்கே ஓடாத ஒன்றுக்கு என்ன எதிர்காலம்? 2011 டிசம்பரில் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதற்கப்புறம் ஆறாவது வரவே இல்லை. அதிகாரபூர்வ ஆதரவு முடிந்தது 2021 அக்டோபரில். ஆதரவு முடியும் தேதியைப் பார்த்து, இன்னும் பத்து வருடம் இருக்கிறதே என்று புது ப்ராஜெக்ட் ஆரம்பித்தவர் கிட்டத்தட்ட பிணத்தோடு குடித்தனம் நடத்தினார். பெரிய பதிப்பு கடைசியாக எப்போது வந்தது, அதில் புதிதாக ஏதாவது இருந்ததா, அதைப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பழசெல்லாம் சாகப்போகிறது என்று நினைப்பது. கோபால் (COBOL) 1959-இல் பிறந்த கணினி மொழி. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோர் நிவாரண விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூ ஜெர்சி ஆளுநரே கேட்டார். விண்டோஸ் புரோகிராம் எழுதும் மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் பேசிக் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் வந்தது, எழுதும் கருவிக்கான ஆதரவு 2008-லேயே போய்விட்டது. ஆனாலும் அதில் எழுதிய புரோகிராம் ஓடத் தேவையான கோப்புகள் விண்டோஸ் 11-லும் இருக்கின்றன, ஏனென்றால் அதை நிறுத்தினால் எத்தனையோ அலுவலகங்களில் வேலை நின்றுவிடும். புதிதாக அதில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் பார்ஸ் மாதிரி அடுத்தவர் சர்வரில் ஓடுவது ஒரு நாள் காலையில் அடியோடு போய்விடும். உங்கள் கணினியில் ஓடுவது அப்படிப் போகாது. கணிப்பில் இந்த வித்தியாசத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பெயர் தொடர்கிறது என்பதால் பொருளும் தொடர்கிறது என்று நம்ப வேண்டாம். ஆங்குலர்ஜேஎஸ், ரியாக்ட் மாதிரி இணையப் பக்கங்கள் கட்ட கூகுள் தந்த கருவி. 2016-இல் வந்த ஆங்குலர் 2 அதற்கு வாரிசு என்பது பெயரளவில்தான். பழைய புரோகிராமை ஏறக்குறைய திரும்ப எழுத வேண்டியிருந்தது.

ஓப்பன் சோர்ஸ் என்றாலே பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். சர்வர்களை அமைத்து நிர்வகிக்கும் கருவியான டெராஃபார்மின் லைசென்ஸை, அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட்டில் ஓப்பன் சோர்ஸ் அல்லாததாக மாற்றியது. பழைய லைசென்ஸில் இருந்த புரோகிராமை எடுத்து ஓப்பன்டோஃபு என்ற தனிக் கிளையை மற்றவர்கள் தொடங்க முடிந்தது, சரி. ஆனால் அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் நிறுத்த வேறு நிறுவனங்கள் தயாராக இருந்தன. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பிளாட்ஃபார்முக்கு அப்படி யாராவது வருவார்களா? ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அதன் பங்களிப்பாளர் பட்டியலைத் திறந்து, முதல் பத்துப் பேர் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பத்துப் பேருக்கும் ஒரே முதலாளி என்றால் அதை அந்தக் கம்பெனியின் சரக்காகவே எடைபோடுங்கள்.