மழையில் கிடக்கப்போகும் பெஞ்சுக்கு என்ன மரம்?

நான் செய்த முதல் பெஞ்சு மூன்றாம் வருஷம் கால் இற்று உட்கார்ந்துவிட்டது. தேக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், தேக்கேதான். உடைந்த காலைப் புரட்டிப் பார்த்த மூத்த ஆசாரி, "சாரே, இதுல பாதி வெள்ளையாக்கும்" என்றார்.

எங்கள் ஊர் தக்கலைப் பக்கம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இங்கே முற்றத்தில் போடும் மரச்சாமானுக்கு மரத்தின் பெயரைவிட வைரம், அதாவது முற்றிய நடுப்பகுதி, எவ்வளவு என்பதுதான் கணக்கு. தேக்கில் கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும் சத்து நடுவிலுள்ள பழுப்பு வைரத்தில்தான் இருக்கிறது. ஆசாரி வெள்ளை என்ற ஓரத்து வெளிறிய பகுதியில் அது இல்லை, மழையில் எந்தச் சாதா மரமும் போலத்தான் இற்றுப்போகும். ஆகவே பலகையின் அறுத்த முனையைப் பாருங்கள், இரண்டு நிறமும் அங்கே பிரிந்து தெரியும். மேலே சாயம் பூசியிருந்தால் ஓரத்தில் இரண்டு இழைப்பு இழைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தேக்குக்குக் கை எட்டவில்லையென்றால் நான் சொல்வது அயனி. மலையாளத்தில் ஆஞ்சிலி. வள்ளம் கட்டும் மரம் என்பதே அதற்குப் போதுமான சிபாரிசு. இப்போது நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு அதுதான். பலா வைரமும் தாங்கும், மஞ்சளாக இருப்பது வெயில்பட்டுப் பழுப்பாகிவிடும். வேம்பைக் கரையான் லேசில் தொடாது, ஆனால் சரியாகக் காயாத வேம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். மாவும் ரப்பரும் வெளியில் வேண்டாம். ரப்பர் மரத்தை மருந்து ஏற்றியது என்று விற்பார்கள். வழக்கமாக ஏற்றுவது போரான் உப்பு. வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும், மழையில் கரைந்து போய்விடும்.

அடுத்தது மரம் காய்வது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காயவேண்டும் என்பது பழைய கணக்கு. கடையில் "நல்லா காஞ்சது" என்பதை நம்பாமல் ஒரு துண்டு வாங்கிவந்து சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. அதுவரை பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, தரையில் படாமல் அடுக்கி வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பெஞ்சைக் கெடுப்பது தேங்கி நிற்கும் தண்ணீர், அதிலும் அறுத்த முனை வழியாக ஏறும் தண்ணீர். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்து வியக்கிறவர்கள் அதன் இறங்கிய தாழ்வாரத்தையும் ஒருமுறை பார்க்கலாம். மழை மரத்தில் விழாமல் கூரை பார்த்துக்கொள்கிறது. முற்றத்துப் பெஞ்சுக்குக் கூரை இல்லை, அதனால் நனைந்த வேகத்திலேயே காய வழி செய்யவேண்டும். உட்காரும் பலகைகளுக்கு நடுவே பென்சில் நுழையும் இடைவெளி விடுங்கள். மேல் விளிம்புகளை உருட்டிவிடுங்கள். கால்களை மண்ணில் நிறுத்தாமல் கருங்கல் துண்டின்மேல் வையுங்கள். கால் கழுந்து (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை) உட்காரும் துளை மேல்நோக்கி இருந்தால் அடியில் சின்ன வடிகால் துளை போடுங்கள். என் முதல் பெஞ்சில் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. பளபளவென்று நாலு கோட்டு பாலிஷ் மட்டும் அடித்திருந்தேன்.

சாதா இரும்பு ஆணி வேண்டாம். துரு ஒரு பக்கம், மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புக் கறை இன்னொரு பக்கம். எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள். குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் பழுப்புப் படியும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

பூச்சுக்கு வருகிறேன். வார்னிஷ் மேலே தோலாக நிற்கும். வெயிலில் அந்தத் தோல் வெடிக்கும், வெடிப்பில் நுழைந்த தண்ணீர் வெளியே வராது. பிறகு முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி அடிக்கவேண்டும். நான் எண்ணெய்க் கட்சி. பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெய், முதல் கோட்டுக்கு மட்டும் சரிபாதி டர்பன்டைன் கலந்து. அறுத்த முனைகள் குடிக்கக் குடிக்க ஊற்றுங்கள், காலடியை எண்ணெய்த் தட்டில் ஒரு ராத்திரி நிறுத்திவையுங்கள். இருபது நிமிஷத்தில் மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பிசுபிசுப்பு போகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று கோட்டு. தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் உதவாது, அவை காய்ந்து கெட்டிப்படுகிற ஜாதி இல்லை.

வள்ளத்துக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெயைப் பலர் சொல்வார்கள். நல்ல காவல்தான், ஆனால் கையில் பட்டால் கொப்புளம். நாம் சாய்ந்து உட்காரும் இடத்தில் எனக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். காலின் அடிப்பாகத்துக்கு மட்டும், கையுறை போட்டுப் பூசுகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, இங்கே மார்ச்சில், நன்றாகக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு கோட்டு. துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.