டிரைவரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த டிரைவர் அபாரம்" என்று ஒரு கோல்ஃப் ஆட்டக்காரர், நெடுந்தூரம் அடிக்க உதவும் தன் மட்டையைப் பற்றிச் சொல்லும்போது, பெரும்பாலும் அவர் மனத்தில் இருப்பது ஒரே ஒரு அடிதான். ஏதோ ஒரு காலையில் காற்று பின்னால் இருந்து வீசியபோது, காய்ந்த ஃபேர்வேயில் (குழியை நோக்கிச் செல்லும் குட்டைப் புல்வெளியில்) பந்து விழுந்து உருண்டு, வழக்கத்தை விட முப்பது கஜம் தள்ளிப் போய் நின்ற அந்த அடியை அவர் டிரைவரின் கணக்கில் எழுதிவிடுகிறார். அதே சுற்றில் எல்லைக்கு வெளியே போன இரண்டு பந்துகளைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார். டிரைவர்களைப் பற்றி நாம் கேட்கும் கருத்துகளில் இதுவே முதல் தவறு என்பேன். விலை உயர்ந்த தவறும் இதுதான். எல்லைக்கு வெளியே போன பந்துக்குத் தண்டனையாக ஓர் அடி சேர்வதோடு, அடித்த தூரமும் வீணாகி மீண்டும் தொடக்க இடமான டீயிலிருந்தே ஆட வேண்டியிருப்பதால், ஒரு நீண்ட அடி தரும் லாபத்தை ஒரு தவறிய அடி முழுதாக விழுங்கிவிடுகிறது. 18 குழிகளில் நான்கு பார்-3 குழிகள் (மூன்றே அடிகளில் முடிக்க வேண்டிய குறுகிய குழிகள்) உள்ள மைதானத்தில் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 முறைதான் டிரைவரை எடுக்கிறோம். மூன்று சுற்றுகளில் அடித்த நாற்பது அடிகளையும், நல்லது கெட்டது பாராமல், எங்கே விழுந்தன என்று குறித்து வைத்த பிறகு சொல்லும் கருத்துக்கே மதிப்பு உண்டு. மோகம் முப்பது நாள் என்பது புது டிரைவருக்கும் பொருந்தும். அந்த முப்பது நாளும் கழிந்த பின் அது பையில் தங்குகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்த தவறு, பந்து ஃபேஸில் (டிரைவர் தலையின் அடிக்கும் முகத்தில்) எங்கே பட்டது என்று பாராமலேயே டிரைவரைப் புகழ்வதும் பழிப்பதும். பந்து ஃபேஸைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் கணத்தில் பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் டிரைவரின் தலை சற்றே திரும்புகிறது. ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு பற்சக்கரங்களைப் போல, தலை ஒரு திசையில் திரும்பும்போது பந்து எதிர்த்திசையில் சுழலத் தொடங்குகிறது. ஆகவே, வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் ஷாஃப்ட்டை (டிரைவரின் தண்டை) ஒட்டிய ஹீல் பக்கத்தில் அடித்தால் பந்து வலப்புறமாக வளைகிறது; வெளிநுனியான டோ பக்கத்தில் அடித்தால் இடப்புறமாக வளைகிறது. ஃபேஸ் தட்டையாக இல்லாமல் சற்றே புடைத்திருப்பதும் இந்த வளைவை ஈடுகட்டத்தான். ஃபேஸின் மேற்பகுதியில் பட்ட பந்து உயரமாகவும் குறைந்த சுழற்சியோடும் கிளம்பும். கீழ்ப்பகுதியில் பட்ட பந்து தாழ்வாகக் கிளம்பி, மிகுந்த சுழற்சியால் பாதி வழியில் மேலே எழும்பி, முன்னேறாமல் விழுந்துவிடும்.

இப்போது மைதானத்தில் கேட்கும் கருத்துகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இந்த டிரைவர் பந்தை மேலே மேலே தூக்குகிறது" என்று குறை சொல்பவர், பந்தைத் தாங்கும் ஆணியான டீயைத் தாழ்வாக ஊன்றி ஃபேஸின் அடிப்பகுதியில் அடித்துக்கொண்டிருக்கலாம். "இது எனக்கு ஸ்லைஸ் மட்டுமே தருகிறது" என்று வலப்புறம் வளையும் அடியை நொந்துகொள்பவர் ஹீல் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பாதங்களுக்குத் தெளிக்கும் பவுடர் ஸ்பிரேயை ஃபேஸில் மெல்லியதாக அடித்துவிட்டால், பந்து பட்ட இடம் தெளிவான வட்டமாகப் பதிந்துவிடும். பத்துப் பந்துகளுக்குப் பின் அந்தப் புள்ளிகள் ஹீல் பக்கம் குவிந்திருந்தால், குற்றவாளி டிரைவரா, பந்துக்கு மிக அருகில் நிற்கும் நம் கால்களா, நமக்குப் பொருந்தாத ஷாஃப்ட் நீளமா என்று அதன் பிறகுதான் விசாரிக்க வேண்டும். டீயின் உயரத்துக்கு எளிய அளவு ஒன்று உண்டு: டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி அதன் தலைக்கு மேலே தெரிய வேண்டும்.

கருத்தைச் சொல்பவர் யார் என்று கேளாமல் ஏற்பதும் பெரிய தவறே. டிராக்மேன் ரேடார் நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டுப் பரவலாக அறியப்பட்ட சராசரிகளின்படி, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் ஆண்கள் டிரைவரை மணிக்கு 113 மைல் வேகத்தில் வீசினார்கள். எல்பிஜிஏ டூர் பெண்களின் வேகம் 94 மைல். ஆண்கள் பந்தைச் சற்றே கீழ்நோக்கி, ஏறக்குறைய 1.3 டிகிரி இறக்கத்தில் அடித்தார்கள்; பெண்களோ 3 டிகிரி ஏற்றத்தில் அடித்து, அந்த வேகத்திலேயே பந்தைக் காற்றில் 218 கஜம் பறக்கவிட்டார்கள். வார இறுதியில் ஆடும் பெரும்பாலான ஆண்களின் வேகம் இந்தப் பெண்களின் வேகத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். அப்படியிருந்தும், தொலைக்காட்சியில் பார்த்த ஆண் வீரரின் ஒன்பது டிகிரி லாஃப்ட் (ஃபேஸ் பின்னோக்கிச் சாய்ந்த கோணம்) கொண்ட, குறைந்த சுழற்சித் தலையையே அவர்கள் தேடுகிறார்கள். 113 மைல் வேகத்துக்கு வரமாக இருக்கும் குறைந்த சுழற்சி, 88 மைல் வேகத்தில் பந்தைக் காற்றில் நிற்கவிடாமல் சீக்கிரம் இறக்கிவிடும். நம் வேகத்தோடு ஒத்தவரின் கருத்தைக் கேளுங்கள். அவர் அடி இயல்பாக வலப்புறம் வளைவதா, இடப்புறம் வளைவதா என்றும் கேட்டுவிடுங்கள். ஹீல் பக்கம் எடை கூட்டிய டிரைவரை ஸ்லைஸ் அடிப்பவர் கொண்டாடுவார். இடப்புறம் வளையும் ஹூக் அடிப்பவர் அதே டிரைவரை விற்றுவிட நினைப்பார். இருவர் சொல்வதும் உண்மையே.

விளம்பர எண்களைத் தவறாகப் படிப்பது படித்தவர்களிடமே அதிகம் காணப்படுகிறது. 2024இல் பிங், டெய்லர்மேட் ஆகிய நிறுவனங்கள் 10,000ஐத் தொட்ட எம்ஓஐ அளவோடு டிரைவர்களை வெளியிட்டன. எம்ஓஐ என்பது, மையம் தவறிப் பட்ட அடியில் தலை திரும்பாமல் எதிர்த்து நிற்கும் திறனின் அளவு. விதிகள் அதற்கு வைத்திருக்கும் வரம்பு 5,900 கிராம் சதுர சென்டிமீட்டர், அதன் மேல் 100 சலுகை. விதி அளப்பது ஹீல்-டோ திசையை மட்டும். 10,000 என்பது அதோடு மேல்-கீழ்த் திசையின் அளவையும் கூட்டிய தொகை. இந்த எண் உயர்ந்தால் ஓரத்தில் பட்ட அடி அதிக வேகத்தை இழக்காது, அதிகம் வளையாது. ஆனால் இரண்டு டிகிரி திறந்த (வலப்புறம் பார்த்த) ஃபேஸோடு நடுவில் சரியாகப் பட்ட அடியை அது எந்த வகையிலும் நேராக்காது. "மன்னிக்கும் டிரைவர் என்றார்கள், ஆனால் ஸ்லைஸ் போகவில்லை" என்று வருந்துபவர்கள், அது செய்வதாகச் சொல்லாத வேலையை அதனிடம் எதிர்பார்த்தவர்கள்.

லாஃப்ட்டைத் திருகி மாற்றும் வசதி வந்த பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஷாஃப்ட் பொருந்தும் இடத்தில் லாஃப்ட்டைக் கூட்டும்போது, பெரும்பாலான டிரைவர்களில் ஃபேஸும் சற்று மூடிக்கொள்கிறது, குறைத்தால் திறந்துகொள்கிறது. ஒரு டிகிரி கூட்டியதும் ஸ்லைஸ் குறைந்தது என்றால், மூடிய ஃபேஸுக்கும் அதில் பங்கு உண்டு. இதை அறியாமல் அமைப்பை மாற்றி மாற்றிக் கருத்துச் சொல்பவரிடம், எந்த அமைப்பில் அடித்தீர்கள் என்று கேட்காமல் எதையும் ஏற்க வேண்டாம். சுற்று நடந்துகொண்டிருக்கும்போது இந்த அமைப்பை மாற்றி ஆடுவது விதிமீறல் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஷாஃப்ட் எவ்வளவு வளையும் என்பதைக் குறிக்க அதன் மேல் அச்சிட்டிருக்கும் ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) எழுத்துகளுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் எஸ் இன்னொரு நிறுவனத்தின் ஆர் போல வளையக்கூடும். நீளமும் அப்படியே கவனிக்க வேண்டியது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 45.5 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கின்றன, தொழில்முறை வீரர்கள் பலரோ அதை விடக் குட்டையானதையே வைத்துக்கொள்கிறார்கள். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பத்து அடி அடித்துப் பார்க்காமல் ஒரு டிரைவரைக் கட்டுப்பாடற்றது என்று ஒதுக்குவது அவசரம்.

சத்தத்தை வைத்து வேகத்தை ஊகிப்பதையும் விட்டுவிட வேண்டும். 2007இல் நைக்கி வெளியிட்ட சதுரத் தலை டிரைவரின் சத்தத்தைப் பலர் வெறுத்தார்கள். ஆனால் மையம் தவறிய அடியைத் தாங்குவதில் அது தன் காலத்தில் முன்னணியில் இருந்தது.

இடமும் பந்தும் தரும் மயக்கத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சென்னையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். தடை குறைவதால் அங்கே பந்து கூடுதல் தூரம் பறக்கிறது, வளைவும் குறைகிறது. கோடை விடுமுறையில் மலைமேல் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த டிரைவர் எனக்கு இருபது கஜம் கூட்டியது என்று சொல்பவர் உண்மையில் அந்தக் காற்றைப் பாராட்டுகிறார். பயிற்சி ரேஞ்சில் ஆயிரம் அடி வாங்கித் தேய்ந்த பந்தை வைத்து ஒன்றையும், புதுப் பந்தை வைத்து மற்றொன்றையும் அடித்து ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு.

கடைசியாக, பழையதைப் பக்கத்தில் வைக்காமல் புதியதைப் புகழ்வது. ஃபேஸின் துள்ளலுக்கு அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1998இலேயே வரம்பு வைத்துவிட்டது. 460 கன சென்டிமீட்டர் என்ற தலை அளவு 2004 முதல் மாறவில்லை. எனவே நடுவில் பட்ட அடியைப் பொறுத்தவரை, பத்தாண்டு பழைய நல்ல டிரைவருக்கும் இன்று வந்ததற்கும் இடையே வேகத்தில் பெரிய வேறுபாட்டுக்கு இடமில்லை. வேறுபாடு தெரியவேண்டிய இடம் ஓரங்கள். அதை அறிய இரண்டையும் ஒரே நாளில், ஒரே வகைப் பந்தோடு, ஐந்தைந்து அடிகளாக மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலில் இருபது முறை அடித்தால், இரண்டாவதை எடுக்கும்போது உடல் சூடேறியிருக்கும் அல்லது களைத்திருக்கும். ஃபேஸில் பவுடர் ஸ்பிரேயை அடித்து, ஓரத்தில் பட்ட அடிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த அடிகளில் எந்த டிரைவரின் பந்து ஃபேர்வேக்கு அருகில் நின்றது என்பதைப் பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்.