இணையவழிக் கல்வி ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்வியியல் கல்லூரிகளில் எம்.எட். பயில்வோரும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் தங்கள் ஆய்வேட்டு வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு என்னிடம் தருவதுண்டு. 2020-க்குப் பிறகு அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை இணையவழிக் கல்வியைப் பற்றியவை. தலைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்: இன்ன வகுப்பு மாணவர்களின் இன்ன பாட அடைவில் இன்ன செயலியின் விளைவு. முடிவும் முன்கூட்டியே தெரிந்ததுதான். பின்தேர்வில் மதிப்பெண் கூடியிருக்கும், வேறுபாடு 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்கதாக (அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாததாக) இருக்கும், செயலியை எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுசெல்லலாம் என்ற பரிந்துரையும் இருக்கும். இவர்களின் உழைப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பரிந்துரையை நம்பி ஒரு தலைமையாசிரியர் பள்ளியின் பணத்தைச் செலவிடலாமா என்று கேட்டால், ஆய்வேட்டில் அதற்கு விடை கிடைப்பதில்லை. அதற்குக் காரணமான தவறுகளில் பல, தரவு திரட்டத் தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகின்றன. பிறகு எந்தப் புள்ளியியலாலும் அவற்றைச் சரிசெய்ய முடியாது.

கருவியின் பெயரே ஆய்வு வினா ஆகிவிடுவது

ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஊடகத்தைச் சரக்கு ஏற்றிவரும் வண்டிக்கு ஒப்பிட்டார். மளிகைப் பொருள் எந்த வண்டியில் வந்தது என்பதால் அதன் சத்து கூடுவதோ குறைவதோ இல்லை. கற்றலை மாற்றுவது அந்த வண்டியில் வரும் கற்பித்தல் முறையே என்பது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா என்ற மற்றொரு கல்வி ஆய்வாளர் இதை மறுத்தார். சில ஊடகங்களால் மட்டுமே இயலும் செயல்கள் உண்டு என்பதும், அவற்றைக் கற்பித்தல் முறையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதும் அவர் தரப்பு. இருவரில் யார் சரி என்று தீர்ப்பளிக்காமலே ஓர் ஆய்வாளர் நல்ல ஆய்வு செய்யலாம். ஆனால் இப்படி ஒரு விவாதம் இருக்கிறது என்று அறியாமல் செய்தால், எதை அளந்தோம் என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு. சோதனைக் குழுவுக்கு அசைவூட்டக் காணொலி, வினாடி வினாச் செயலி, உடனடிப் பின்னூட்டம், வாரத்துக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வழக்கமான வகுப்பை மட்டும் நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் கூடினால் அது எதனால்? கூடுதல் இரண்டு மணி நேரத்தைக் கரும்பலகையோடு கொடுத்திருந்தாலும் கூடியிருக்கலாம் அல்லவா? அமெரிக்கக் கல்வித் துறைக்காக பார்பரா மீன்ஸ் தலைமையிலான குழு 2009-இல் வெளியிட்டு 2010-இல் திருத்திய தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்வு) இந்தச் சிக்கலை மறைக்காமல் சொல்கிறது. 1996 முதல் 2008 வரை வெளிவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்ததில், விளைவைக் கணக்கிடத் தேறியவை ஐம்பது ஒப்பீடுகளே. நேரடி வகுப்பையும் இணையவழியையும் கலந்து கற்பித்த இடங்களில் அடைவு கூடியிருந்தது. ஆனால் அங்கெல்லாம் கற்கும் நேரமும் பாடப்பொருளும்கூடப் பெரும்பாலும் கூடியே இருந்ததால், அந்தப் பெருமையை இணையத்துக்கு மட்டும் கொடுக்கக்கூடாது என்று ஆய்வுக் குழுவே எச்சரித்தது. பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் அதில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன என்பதையும், அதை மேற்கோள் காட்டுவோர் கவனிக்க வேண்டும்.

தீர்வு எளியது. ஒரே ஓர் அம்சத்தை மட்டும் மாற்ற வேண்டும். இரு குழுவுக்கும் அதே காணொலியைக் காட்டி, ஒரு குழுவுக்கு மட்டும் நடுவே நிறுத்தி வினா எழுப்பினால், வினா எழுப்புவதால் பயன் உண்டா என்பதற்கு விடை கிடைக்கும். அந்த விடை, செயலியின் பெயர் மாறினாலும் அடுத்த ஆண்டு செல்லுபடியாகும்.

ஒப்பீடு இல்லாத முன்தேர்வும் பின்தேர்வும்

ஒரே வகுப்புக்கு முன்தேர்வு வைத்து, எட்டு வாரம் செயலியைப் பயன்படுத்தி, பின்தேர்வு வைத்து, கூடிய மதிப்பெண்ணையெல்லாம் செயலியின் கணக்கில் எழுதுவதுதான் நான் மிக அடிக்கடி காணும் தவறு. எட்டு வாரத்தில் குழந்தை எப்படியும் சிறிது கற்கும். பள்ளி கற்பிக்கிறது, வீடு கற்பிக்கிறது, வயதும் கூடுகிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று இருக்கிறது. அது இணையவழித் திட்டத்தைப் பற்றியது அன்று என்றாலும், பாடம் நமக்கும் பொருந்தும். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் ஊரகத் தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரை நேரில் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் அக்குழந்தைகள், 2019-இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணிதத்தில் சுமார் 0.7 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவு) பின்தங்கியிருந்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அதே காலத்தில்தான், பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் நடந்துகொண்டிருந்தது. முன்னும் பின்னும் மட்டும் அளந்திருந்தால் அந்த மீட்சி முழுவதையும் திட்டத்தின் வெற்றியாக எழுதியிருப்போம். ஒப்பிட்டுக் கணக்கிட்டபோது, மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கே திட்டத்துக்கு உரியது என்று தெரிந்தது. கால் பங்கு என்பது சிறிதன்று; நம்பத்தக்க எண் என்பதால் அதற்கு மதிப்பும் கூடுதல்.

கட்டுப்பாட்டுக் குழு வைப்பவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். ஏ பிரிவு சோதனைக் குழு, பி பிரிவு கட்டுப்பாட்டுக் குழு என்று பிரிப்பார்கள். விசாரித்தால் ஏ பிரிவு ஆங்கில வழி, பி பிரிவு தமிழ் வழி என்றிருக்கும், அல்லது ஏ பிரிவுக்கு ஆய்வாளரே ஆர்வத்தோடு பாடம் நடத்தியிருப்பார். பிரிவுக்கு நாற்பது பேர் வீதம் எண்பது மாணவர்கள் இருந்தாலும், உண்மையில் ஒப்பிடப்பட்டவை இரண்டு வகுப்பறைகள் மட்டுமே. ஆசிரியரின் குரலும் வகுப்பின் சூழலும் நாற்பது பேருக்கும் பொது என்பதால், எண்பது பேரையும் தனித்தனிச் சான்றாகக் கொண்டு டி-சோதனை (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) செய்வது இல்லாத துல்லியத்தைக் காட்டும். வசதி இருந்தால் பல பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு பிரிவிலும் பாதி மாணவர்களுக்கு ஒரு முறை, மீதிப் பாதிக்கு மறு முறை என்று வைத்து, அடுத்த பாடத்தில் முறைகளை மாற்றிக் கொடுக்கலாம். ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை என்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

இணையத்தில் இருப்பவர்களிடம் இணையத்தைப் பற்றிக் கேட்பது

இரவு ஒன்பது மணிக்கு ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் வந்து விழும். ஐந்து நிமிடம் ஒதுக்கி நிரப்பித் தருமாறும் பிற குழுக்களுக்கும் அனுப்புமாறும் பணிவான வேண்டுகோள் இருக்கும். மூன்று நாளில் இருநூறு பேர் நிரப்பிவிடுவார்கள். இணையவழிக் கற்றலில் உங்களுக்குள்ள இடர்ப்பாடுகள் யாவை என்ற வினாவுக்கு, இணைப்பே கிடைக்காதவர் ஒருவர்கூட அந்த இருநூறில் இருக்கமாட்டார். எத்தனை பேருக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது என்பது தெரியாததால், பதிலளிக்காதோர் விகிதத்தையும் கூற முடியாது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை, ஊரகக் குழந்தைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் அசர் (ASER) அறிக்கைகளில் பார்க்கலாம். ஊரகப் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளில் திறன்பேசி இருப்பது 2018-இல் 36.5 விழுக்காடாக இருந்து 2021-இல் 67.6 ஆக உயர்ந்தது. ஆனால் 2021-இல், திறன்பேசி இருந்த வீடுகளிலும் 26.1 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் கருவி இருப்பது வேறு, குழந்தை கையில் கருவி இருப்பது வேறு. வினாநிரலில் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். 2021-இன் அந்தக் கணக்கெடுப்பே தொலைபேசி வழியாகத்தான் எடுக்கப்பட்டது. ஆகவே தொலைபேசி எண்ணே இல்லாத வீடுகள் அதிலும் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. இணையவழிக் கல்வியைப் பற்றிய ஆய்வுக்குச் சிறிதளவேனும் தாளும் பேனாவும் கொண்டு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

பார்த்த நிமிடத்தையும் பிடித்திருப்பதையும் கற்றலாகக் கொள்வது

பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வு மாணவர் ஒருவரோடு ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அன்றாடம் 50 நிமிடத்துக்குக் குறையாமல் வகுப்பில் இருந்ததாக வருகைப் பதிவு காட்டியது. வினாத்தாளிலோ அவள் பாதியைத் தொடவே இல்லை. அவள் வீட்டில் அலைவரிசை கிடைப்பது மாடிப்படி முடியும் இடத்துக் கைப்பிடிச் சுவரில் மட்டும்தான். கைபேசி அங்கே வெயிலில் கிடந்து வகுப்பை நடத்திக்கொண்டிருக்க, அவள் மூன்று படி கீழே, நிழலில், காதில் விழுந்ததை எழுதிக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருந்தால் கைபேசி அவனிடம் போய்விடும். “அக்கா பேர்லயே உள்ள போயிருவேன் சார், மறுபடி நம்பர் எல்லாம் போட வேண்டாம்ல” என்றான் அவன். எங்கள் தரவுத்தாளில் அது அவளுடைய வருகை.

பதிவேட்டு எண்களைப் பொருள் மாற்றிப் படிக்கும் பழக்கம் பெரிய தரவு உள்ள இடத்திலும் உண்டு. பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும், பல்கலைக்கழகப் படிப்புகளை இணையத்தில் வழங்கும் எட்எக்ஸ் தளத்தின் நான்கு படிப்புகளில் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். காணொலி எவ்வளவு நீளமானாலும், மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அவர்கள் கண்டனர். அதுவே, ஆறு நிமிடக் காணொலியில்தான் மாணவர் நன்கு கற்கிறார் என்று பலருடைய ஆய்வேடுகளில் ஏறிவிட்டது. அவர்கள் அளந்தது பார்த்த நேரத்தையே அன்றிக் கற்றதை அன்று.

மாணவரின் மனநிறைவை ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்பதும் கற்றலுக்குச் சான்றாகாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நடந்து, 2019-இல் வெளிவந்த லூயி டெலாரியே குழுவின் ஆய்வில், தாமே முயன்று கணக்குப் போட்ட மாணவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களோ நிறையக் கற்றதாக நினைத்தார்கள். முயன்று கற்பது கடினமாக இருப்பதால் அது தோல்விபோலத் தோன்றுகிறது. புதுமையான கற்பித்தல் முறை எதையும் மாணவரின் விருப்பத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால், நல்ல முறைகளே முதலில் கழிக்கப்பட்டுவிடும்.

உடனே தேர்வு வைப்பது

செயலி புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களில் ஆர்வமும் புதிதாக இருக்கும். இரண்டு வார ஆய்வு அந்த ஆர்வத்தையே அளந்துவிட்டுத் திரும்பும். பின்தேர்வைப் பாடம் முடிந்த அன்றே வைத்தால், பிழை இன்னும் ஆழமாகும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் 81 விழுக்காட்டையும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து அது 42-ஆகவும் 56-ஆகவும் தலைகீழானது. அன்றே தேர்வு வைத்து முடித்திருந்தால் முடிவு நேர் எதிராக எழுதப்பட்டிருக்கும். பின்தேர்வுக்குப் பிறகு நான்கு வாரம் கழித்து அறிவிக்காமல் ஒரு தேர்வு வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஆய்வுக் கால அட்டவணையில் அந்த நான்கு வாரத்தை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் விட்டவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது

அறுபது பேரோடு தொடங்கிய இணையவழிப் படிப்பை இருபத்தைந்து பேர் முடித்தால், அந்த இருபத்தைந்து பேரின் சராசரியை மட்டும் தருவது வழக்கமாகிவிட்டது. முடித்தவர்கள் எந்த முறையிலும் முடித்திருக்கக் கூடியவர்களாக இருக்கலாம். எட்எக்ஸில் நடத்தப்பட்ட படிப்புகளைப் பற்றி ஜஸ்டின் ரீச்சும் ரூயிபெரெஸ்-வாலியெந்தேயும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடப் பக்கத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. விழுக்காடு கணக்கிட வகுக்கும் எண்ணாக எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே படிப்பு வெற்றியாகவும் தோல்வியாகவும் தோன்றும். ஆகவே எல்லா எண்களையும் தர வேண்டும்.

முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அலெஹான்ட்ரோ கனிமியனும் தில்லியில் பயிற்சி மையங்களில் பயன்படுத்தப்பட்ட, மாணவரின் நிலைக்கேற்பப் பாடம் தரும் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை ஆராய்ந்த முறை இதற்கு நல்ல வழிகாட்டி. 619 மாணவர்களில் குலுக்கலில் இடம் பெற்றவர்கள் சராசரியாக 58 விழுக்காட்டு நாள்களே மையத்துக்கு வந்தனர். அரிதாக வந்தவர்களையும் விட்டுவிடாமல் சேர்த்தே கணக்கிட்டபோதும் நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க முன்னேற்றம் தெரிந்தது. அங்கே மென்பொருளோடு சிறு குழுக்களுக்கு உதவியாளரின் கற்பித்தலும் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் செய்தி முழுமையாகும்.

எழுதும்போது

படிப்பதில் 10 விழுக்காடும் கேட்பதில் 20 விழுக்காடும் நினைவில் நிற்கும் என்று அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரால் வரும் கூம்பு வரைபடத்தை முன்னாய்வுப் பகுதியில் சேர்க்க வேண்டாம். டேல் 1946-இல் வரைந்த கூம்பில் விழுக்காடுகளே இல்லை. அவை பிற்காலத்தில் யாராலோ சேர்க்கப்பட்டவை. பெருந்தொற்றில் அவசரத்துக்கு நடந்த கைபேசி வகுப்புகளைத் திட்டமிட்டு அமைத்த இணையவழிக் கல்வியோடு ஒன்றாக வைத்துப் பேசுவதும் கூடாது. குழந்தைகளின் முகமும் பெயரும் தெரியும் இணைய வகுப்பின் திரைப்பிடிப்புகளைப் (ஸ்கிரீன்ஷாட்) பின்னிணைப்பில் ஒட்டும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கருதுகிறது. பள்ளியின் அனுமதிக் கடிதம் பெற்றோரின் ஒப்புதலுக்கு ஈடாகாது.

நடைமுறைப் பகுதியை, வேறோர் ஊரிலுள்ள ஆசிரியர் படித்துவிட்டு அதே வகுப்பை நடத்திப் பார்க்கும்படி எழுத வேண்டும். எந்தப் பாடம், எத்தனை நிமிடம், காணொலியை எங்கே நிறுத்தி என்ன வினா கேட்கப்பட்டது, தவறான விடைக்கு மாணவருக்குக் கிடைத்த பதில் என்ன, எத்தனை பேர் ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொண்டனர், எத்தனை வகுப்புகளில் இணைப்பு அறுந்தது, அறுந்தபோது ஆசிரியர் என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இன்றைய ஆய்வேடுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. செயலியின் வரலாறு மட்டும் ஆறு பக்கம் நீள்கிறது.