விளம்பரக் கணக்கை ஏஐ உதவியாளரிடம் காட்டுவது எப்படி: காரைக்குடியில் நாங்கள் செய்யும் முறை

கூகுள் விளம்பரத்துக்கு ஒரு திரை, இன்ஸ்டாகிராமுக்கு ஒரு திரை, கடையின் இணையதளத்துக்கு இன்னொன்று. காரைக்குடி வட்டாரத்தில் நான் விளம்பரம் பார்த்துக்கொடுக்கும் எல்லா இடங்களிலும் இதே கதைதான். பலகாரக் கடை ஆச்சி மாலையில் போன் செய்தால் கேட்பது ஒன்றே ஒன்று: "தம்பி, சிங்கப்பூருக்குப் போட்ட விளம்பரக் காசு திரும்பி வந்துவிட்டதா?" அதற்குப் பதில் சொல்ல, மூன்று திரைகளிலும் எண்களை எடுத்து எக்செல்லில் ஒட்டி, ராத்திரி வரை உட்கார வேண்டியிருந்தது. இப்போது கேள்வியை ஏஐ உதவியாளரிடம் கேட்கிறேன்; அதுவே கணக்குகளைத் திறந்து படித்துச் சொல்கிறது. இணைப்பு கொடுப்பது சில நிமிட வேலை. பாடு எல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

முதலில் பெயர்கள்

உதவியாளர் உங்கள் கடையைப் பார்த்ததில்லை. கணக்கில் ஒவ்வொரு விளம்பரத் தொடருக்கும் (கேம்பெயின்) வைத்திருக்கும் பெயரை வைத்துத்தான் அது எதையும் புரிந்துகொள்ளும். 'கேம்பெயின் 1', 'கேம்பெயின் 1 நகல்', 'புதியது கடைசி' என்று பெயர் வைத்திருந்தால் எவ்வளவு கெட்டிக்கார ஏஐயும் ஊகிக்கத்தான் செய்யும். ஊகித்ததை உறுதியான குரலிலும் சொல்லும். எனவே பெயர்களை ஒரே ஒழுங்கில் மாற்றுங்கள். நாடு, பொருள், பருவம், ஆண்டு என்ற வரிசை எனக்குப் போதுமானதாக இருக்கிறது: சிங்கப்பூர், தேன்குழல், தீபாவளி, 2025. ஆங்கிலத்தில் எழுதுவதானால் தேன்குழலுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லாரும் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். செட்டிநாட்டுப் பலகாரம் விற்பதே பாதிக்கு மேல் உறவினர் குழுக்களில்தான். அங்கே பகிரும் இணைப்பில் யூடிஎம் குறிப்பு (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்ட இணைப்பின் கடைசியில் ஒட்டும் சொற்கள்) இல்லையென்றால், அதன் வழியே வருபவர்கள் பெரும்பாலும், முகவரியைத் தாமே தட்டி வந்தவர்களைப் போல, 'நேரடி வருகை' என்ற பெயரில்தான் இணையதள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் விழுவார்கள். பிறகு உதவியாளர், "உங்கள் கடையின் பெயர் மக்கள் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது" என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கும். யூடிஎம்மில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கணக்கிடப்படும். எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.

யாருடைய கணக்கில் நுழைவது

இந்த இணைப்புகளுக்கு அடிப்படை எம்சிபி; ஏஐ உதவியாளர் வெளியே உள்ள கணக்குகளோடும் கருவிகளோடும் பேசுவதற்கான பொது நெறிமுறை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஓப்பன்ஏஐயும் கூகுளும் ஏற்றுக்கொண்டன. அதனால் உதவியாளராகக் கிளாடு, சாட்ஜிபிடி எதை வைத்திருந்தாலும் வழி ஏறத்தாழ ஒன்றுதான். அனலிட்டிக்ஸ் மட்டும் போதும் என்றால், படிக்க மட்டும் உரிமையுள்ள எம்சிபி சர்வரை (உதவியாளருக்குத் தரவை எடுத்துக் கொடுக்கும் நிரல்) கூகுளே திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் அது நல்ல வழி. பல விளம்பரத் தளங்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், சூப்பர்மெட்ரிக்ஸ், ஃபன்னல் போல எல்லாத் தரவையும் திரட்டி வைக்கும் தளம் ஒன்று வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தத் தளம் எம்சிபி முகவரி (உதவியாளரில் ஒட்ட வேண்டிய இணைய முகவரி) தருகிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நான் பயன்படுத்துவது இந்த இரண்டாவது வகை.

இணைக்கும்போது நீங்கள் எந்த மின்னஞ்சலில் உள்ளே நுழைகிறீர்களோ அதற்கு இருக்கும் உரிமையை ஒட்டித்தான் உதவியாளர் பார்க்கும். முதலாளியின் மின்னஞ்சலை இதற்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். புதிதாக ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, அனலிட்டிக்ஸில் அதற்குப் பார்வையாளர் உரிமையும், கூகுள் ஆட்ஸில் படிக்க மட்டும் உரிமையும், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவில் விளம்பரச் செயல்பாட்டைப் பார்க்கும் உரிமையும் மட்டும் கொடுங்கள். புதுக் கணக்கப்பிள்ளையிடம் பேரேட்டை விரித்துக் காட்டலாம். பெட்டகச் சாவியை நீட்ட வேண்டியதில்லை.

அனலிட்டிக்ஸில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. ஒரு பயனருக்கு வருமான எண்களை மட்டும், அல்லது செலவு எண்களை மட்டும் மறைக்கலாம். கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்தும் ஐயா, வருமானம் வெளியே தெரிவதை விரும்பாதவர். அவருக்கு வருமானத்தை மறைத்தே இணைத்தோம். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பதே அவருக்குப் போதும்.

இனி இணைப்பு. கிளாடில் அமைப்புகளுக்குள் 'கனெக்டர்ஸ்' பகுதிக்குப் போய், 'கஸ்டம் கனெக்டர்' சேர்க்கும் பொத்தானை அழுத்தி, தளம் தந்த முகவரியை ஒட்டினால் உள்நுழைவுப் பக்கம் வரும். அந்தத் தனி மின்னஞ்சலில் நுழைந்து அனுமதி கொடுங்கள். முடிந்தது. சாட்ஜிபிடியிலும் இதைப் போன்றதே. பொத்தான்களின் பெயர்கள் அவ்வப்போது மாறும், பதற வேண்டாம்.

தெரிந்ததைக் கேட்டுச் சோதியுங்கள்

இணைத்தவுடன் ஆலோசனை கேட்காதீர்கள். விடை உங்களுக்கே தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: போன வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை கூகுள் விளம்பரச் செலவு எவ்வளவு? அதை விளம்பரத் திரையோடு ஒப்பிடுங்கள். கூகுள் ஆட்ஸின் மூலத் தரவில் பணம் 'மைக்ரோ' என்ற அலகில் வரும்; ஒரு ரூபாய் என்பது அங்கே 10,00,000. சில இணைப்புகள் இதை மாற்றாமல் அப்படியே தருகின்றன. அப்படி வந்தால் 500 ரூபாய்ச் செலவு 50 கோடியாகத் தெரியும். ஆச்சி பார்த்தால் அன்றைக்கே கடையை மூடிவிடுவார்.

நேற்றைய, இன்றைய எண்களையும் நம்பாதீர்கள். அனலிட்டிக்ஸில் தரவு முழுதாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம்.

சோதனை சரியாக வந்தால் நிலையான அறிவுறுத்தல் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். பலகாரக் கடைக்கு நான் வைத்திருப்பது இது:

"ஒவ்வொரு பதிலிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தத் தளத்தின் எண், எந்த நாணயம் என்று குறிப்பிடு. நேரம் இந்திய நேரம். நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கும். முதல் காலாண்டு என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. கடைசி இரண்டு நாட்களைச் சேர்க்காதே. கூகுளும் மெட்டாவும் சொல்லும் விற்பனையைக் கூட்டாதே. தரவில் இல்லாததைக் கேட்டால் இல்லை என்று சொல்."

கூட்டாதே என்பதற்குக் காரணம் இருக்கிறது. மெட்டா, வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைச் சொடுக்கி 7 நாட்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள்ளோ வாங்கினால் அந்த விற்பனையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா இன்ஸ்டாகிராமில் சீப்புச் சீடையைச் சொடுக்கிப் பார்க்கிறார். மறுநாள் கூகுளில் கடைப் பெயரைத் தேடி, மேலே வந்த விளம்பரத்தைத் தொட்டு வாங்குகிறார். டப்பா ஒன்றுதான். இரண்டு தளங்களும் ஆளுக்கொன்று விற்றதாகச் சொல்லும். மொத்த விற்பனைக்குக் கடையின் ஆர்டர் பட்டியலையே சாட்சியாக வையுங்கள்.

எந்த அறிவுறுத்தலாலும் முழுதாக அடங்காதது தீபாவளி. 2024இல் அது அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. "அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடு" என்று கேட்டால், 2025இல் பண்டிகை முடிந்த பிறகான 11 மந்தமான நாட்களும் கணக்கில் சேர்ந்து, விற்பனை சரிந்துவிட்டதாகப் பதில் வரும். விளம்பரத்தை மாற்றச் சொல்லிப் பரிந்துரையும் கூடவே வரும். தேதியை விட்டுவிட்டு, "தீபாவளிக்கு முந்தைய 30 நாட்கள்" என்று இரண்டு ஆண்டுகளுக்கும் எல்லையைக் கொடுத்துக் கேளுங்கள். பார்சல் கடல் கடந்து போவதால் மலேசிய, சிங்கப்பூர் ஆர்டர்கள் உள்ளூர் ஆர்டர்களைவிட முன்னதாகவே வந்துவிடும். அவற்றைத் தனியாகக் கேட்பது நல்லது. பிள்ளையார் நோன்புக்கும் இதே முறைதான்.

தரவுக்கு வெளியே நடக்கும் வியாபாரமும் உண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் விற்பனை இணையத்தில் முடிவதில்லை. வீடு கட்டுபவர் படிவத்தில் சதுர அடியை எழுதுவார். பிறகு போன், மாதிரிக் கல், பேரம். கண்ணாடி மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, காயவைத்து லாரி ஏறும்வரை நடக்கும் எதுவும் அனலிட்டிக்ஸுக்குத் தெரியாது. அங்கே உதவியாளரிடம் லாபத்தைக் கேட்பதில் பயனில்லை. விசாரணை ஒன்றுக்கு என்ன செலவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்தப் படிவத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். "முன்பு சொன்னதை மறந்துவிட்டு இதைச் செய்" என்று யாராவது எழுதிவைத்தால், தரவாகப் படிக்க வேண்டியதை உதவியாளர் உத்தரவாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இதற்கு முழுமையான மருந்து இன்னும் இல்லை. எனவே விளம்பரத்தை நிறுத்தவும் பட்ஜெட்டை மாற்றவும் உதவும் கருவிகளை இணைப்பு தந்தாலும் அணைத்து வைக்கிறேன். மின்னஞ்சல் அனுப்பும் இணைப்பை இதே உரையாடலில் திறந்து வைப்பதில்லை. 'எப்போதும் அனுமதி' என்ற பொத்தானை, படிக்கும் கருவிகளுக்கு மட்டும் அழுத்தலாம்.

வாடிக்கையாளரின் பெயர், போன் எண், முகவரி உள்ள பட்டியலை இணைக்கவே வேண்டாம். விளம்பரக் கேள்வி எதற்கும் அது தேவைப்படாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

வேலையாள் மாறினாலோ தளத்தின் சந்தாவை நிறுத்தினாலோ, உதவியாளரில் இணைப்பை நீக்குவதோடு விட்டுவிடாதீர்கள். அந்தத் தனி மின்னஞ்சலின் கூகுள் கணக்கில், மூன்றாம் தரப்பு இணைப்புகள் பக்கத்துக்குப் போய் அங்கேயும் அனுமதியை ரத்து செய்யுங்கள். அனலிட்டிக்ஸ், ஆட்ஸ், மெட்டா பயனர் பட்டியல்களிலிருந்தும் அந்த மின்னஞ்சலை எடுத்துவிடுங்கள்.