வழவழப்பான எண்டோபிளாச வலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். செல் பாடத்தில் வழவழப்பான எண்டோபிளாச வலை, அதாவது செல்லுக்குள் பின்னிக் கிடக்கும் ரைபோசோம் ஒட்டாத சவ்வு வலை, வந்தாலே அதே தவறுகள். பேட்ச் மட்டும்தான் மாறுகிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் எந்த வலையில் ஒட்டியிருக்கும், சொரசொரப்பானதிலா வழவழப்பானதிலா என்ற குழப்பத்தை விட்டுவிடுகிறேன். இரண்டு முறை படித்தால் அது தீர்ந்துவிடும்.

வலையின் வேலை ‘நச்சு நீக்கம்’ என்று எழுதிவிட்டு நகர்வது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. விஷம் உள்ளே வரும், வலை அதை அழித்துவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ‘வலை மாற்றிய பொருள் எப்போதும் நச்சு குறைந்ததாகவே இருக்கும்: சரியா, தவறா?’ என்று ஒரு தேர்வில் கேட்டேன். கிட்டத்தட்ட வகுப்பே ‘சரி’ போட்டிருந்தது.

தவறு. கல்லீரல் செல்லில் இந்த வலையின் சவ்வில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் பதிந்திருக்கிறது. கொழுப்பில் கரையும் மருந்து வந்தால், பெரும்பாலும் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்துவிடும். அடுத்து வேறு நொதிகள் இன்னொரு மூலக்கூறை இணைத்து அதை நீரில் கரைய வைக்கும். அதற்குப் பிறகுதான் சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறும். ஆக, நடப்பது உருமாற்றம். உருமாறியது சாதுவாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், அப்ப காபி குடிச்சா அதுவும் அங்கதான் போகுமா?” நல்ல கேள்வி. காஃபீனில் பெரும்பகுதியை பி450 குடும்பத்து நொதி ஒன்று பாராசாந்தைனாக மாற்றுகிறது. அதுவும் தூக்கத்தை விரட்டக்கூடியதுதான்.

பாராசிட்டமால் இன்னும் கடுமையான உதாரணம். அளவோடு போட்டால் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பி450 நொதிகள் தொடும். ஆனால் அந்தச் சிறு பகுதி கொடிய நச்சாக மாறுகிறது. செல்லில் உள்ள குளூட்டாதையோன் என்ற காப்புப் பொருள் அதை உடனே மடக்கிவிடும். மாத்திரை அளவு மீறினால் குளூட்டாதையோன் தீர்ந்துபோகும்; அந்த நச்சு கல்லீரல் செல்லையே கொல்லும். தொடர்ந்து மது குடிப்பவர்களுக்கு இதைச் செய்யும் நொதி கூடுதலாக இருப்பதால் ஆபத்தும் கூடுகிறது. நாளைக்கு டாக்டராகப் போகிற பிள்ளை இதைத் தெரியாமல் ‘நச்சு நீக்கம்’ என்று ஒப்பித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே புரதமே இல்லை என்று எழுதுவது

மேலே ரைபோசோம் இல்லை, அவ்வளவுதான். சவ்வு நிறைய நொதிகள் இருக்கின்றன, அவை புரதங்களே.

இரண்டு வலைகளைத் தனித்தனியாக வரைவது

ஒரே சவ்வு. உட்கரு உறை வரை தொடர்ச்சி.

வெங்காயத் தோலில் தேடுவது

பள்ளி நுண்ணோக்கியில் தெரியாது. 1945இல் கீத் போர்ட்டர் குழுவினர் இந்த வலையைக் கண்டதே எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான்.

எல்லா செல்லிலும் ஒரே வேலை என்று நினைப்பது

விந்தகத்தின் லேடிக் செல்களில் இது ஏராளம். ஸ்டீராய்டு ஹார்மோன் அங்கே தயாராகிறது. தசையில் இதன் பெயர் சார்கோபிளாச வலை. வேலை, கால்சியத்தைச் சேமிப்பது. கால்சியம் வெளியே வந்தால் தசை சுருங்கும், உள்ளே திரும்பினால் தளரும். திரும்ப உள்ளே இழுக்கும் பம்புக்கும் ஏடிபி, அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு, தேவை. சுருங்குவதற்கு மட்டும் ஏடிபி எழுதி, தளர்வதற்கு எழுதாமல் விட்டு மதிப்பெண் இழப்பவர்கள்தான் அதிகம்.